கை சுத்தம்

நான் பட்டிமன்றத்தில் பேசுகிறவன். மதுரையில் இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெயர் கல்யாணராமன், வயது ஐம்பத்தெட்டு. வாரத்தில் ஆறு நாள் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஓர் ஊறுகாய்க் கம்பெனியில் ஆபீஸ் கிளார்க். ஏழாவது நாள் எங்கே மைக் கட்டியிருக்கிறார்களோ அங்கே இருப்பேன். மாமியாரா மருமகளா, கூட்டுக் குடும்பமா தனிக் குடித்தனமா, எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். முப்பது வருஷத்தில் மேடையில் வைத்து என் வாயை அடைத்தவர் ஒரே ஒருவர்தான். தோற்ற கதையை இவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே என்று என் மனைவி கேட்கிறாள். ஆமாம், பெருமைதான். அதனால் எழுதியும் வைத்துவிடுகிறேன்.

அவர் பெயர் சகாயமேரி. எங்கள் கம்பெனியில் லேப் அசிஸ்டென்ட். சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பேரையூர்ப் பக்கத்துக்காரர். அப்பா இன்னாசிமுத்து அந்த ஊர்க் கோயிலில் உபதேசியார். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது இவருடைய அப்பா. அங்கே கிணற்றில் ஊறுவதெல்லாம் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கு 'நல்ல தண்ணி' என்று பெயர், அது லாரியில் வந்தால்தான் உண்டு. அந்த ஊரிலிருந்து மதுரைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படித்த முதல் பெண் இவர். இப்போது திருமங்கலத்தில் வீடு. கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மகள் ஐரின் நர்ஸிங் படிக்கிறாள்.

அவருடைய வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் எல்லாம் ஊறுகாய் ஆவதற்கு முன்னால் எங்கள் ஷெட்டில் உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காகக் கிடக்கும். நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்கள், வரிசை வரிசையாக, நம்பர் போட்டு. காலை எட்டு மணிக்கு சகாயமேரி ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்ப்பார். உப்பு பார்க்க வெள்ளி நைட்ரேட் என்று ஒரு மருந்து. அது விரலில் பட்டால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். சோப்பு போட்டாலும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். ஆகவே அவருடைய வலது கை விரல் மூன்றும் எப்போதும் கறுத்தே இருக்கும். கையைப் பார்த்தால் இப்படி. ஆனால் மாதிரி எடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அது காய்கிற வரை இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். "என்னம்மா, பூசை வைக்கப் போறீங்களா?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

2022 சித்திரையில் தொடங்கியது. பதினாலாம் நம்பர் பீப்பாயில் காய் எதுவும் கிடையாது; மற்றதில் உப்பு குறைந்தால் ஊற்றுவதற்கு என்று கரைத்து வைத்த வெறும் உப்புத் தண்ணீர். இனிக் கரையாது என்கிற அளவுக்குப் போட்டு, மிச்ச உப்பு அடியில் படிந்து கிடக்கும். அந்தத் தண்ணீர் லேசாக ரோஸ் நிறத்துக்கு மாறியது. எல்லோரும் பார்த்தோம். யாரோ சாயத் துணியை நனைத்துவிட்டான் என்று நினைத்துவிட்டுப் போனோம். சகாயமேரி மட்டும் தினம் ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, முந்தின நாள் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்தாம் நாள் மேனேஜரிடம் போனார்.

மேனேஜர் ஸ்ரீகுமார் அப்போது புதிது. உணவுத் தொழில்நுட்பம் படித்தவர், சுறுசுறுப்பான ஆள், கெட்டவர் இல்லை. கொஞ்சம் அவசரம்.

"சார், பதினாலாம் நம்பர் பீப்பாயில உயிர் இருக்கு."

"என்ன உயிரு?"

"தெரியல சார். நாளுக்கு நாள் நிறம் கூடுது. சும்மா கிடக்குறது தானா கூடாதுல்ல?"

"மேரி, அம்புட்டு உப்புல எதுவும் பொழைக்காது. அதுனாலதான நாம ஊறுகாயே போடுறோம்?"

சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சகாயமேரி அதே அளவு உப்பைச் சேர்த்துச் செய்த, கிருமி வளர்த்துப் பார்க்கிற ஜெல்லித் தட்டில் அந்தத் தண்ணீரைத் தடவி வைத்தார். தடவிப் பன்னிரண்டு நாள் கழித்துத் தட்டு முழுக்கச் சின்னச் சின்ன ரோஸ் புள்ளிகள். ஸ்ரீகுமார் ஒரு மாதிரியை வெளி லேப் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கிருந்து 'எதுவும் வளரவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. அவருக்கு அது போதும். அவருடைய கண் சகாயமேரியின் விரல்களுக்குப் போயிற்று.

"உங்க தட்டுல வளந்தது உங்க கையில இருந்து வந்தது."

"என் கையில இருந்து வந்ததா இருந்தாலும், அம்புட்டு உப்புல அது மட்டும் எப்படி சார் பொழைக்கும்?"

பதில் இல்லாத ஆபீசர் என்ன செய்வார்? குறிப்பு எழுதுவார். 'சாம்பிள் ஸ்பாயில்ட், ஹேண்ட் ஹைஜீன் புவர்' என்று ஆங்கிலத்தில் எழுதி என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்.

இங்கேதான் நான் வருகிறேன். எங்கள் முதலாளி வெள்ளைத்துரைக்குத் தமிழ்ப் பற்று அதிகம். பணிப்பதிவேடு முழுக்கத் தமிழில்தான் இருக்க வேண்டும், அதுவும் என் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. ஸ்ரீகுமாரின் சீட்டைப் பார்த்தேன். 'மாதிரி எடுக்கும்போது கை தூய்மை பேணவில்லை' என்று எழுதியிருக்கலாம். எனக்கு அது சவசவ என்று பட்டது. சுருக்கமாக, சும்மா நச்சென்று, சகாயமேரியின் பக்கத்தில் மூன்றே சொல்லில் முடித்தேன்: 'கை சுத்தம் இல்லை.' எழுதிவிட்டு ஒருமுறை வாய்க்குள் சொல்லியும் பார்த்துக்கொண்டேன். நல்ல தமிழ் என்று எனக்கு நானே மார்க் வேறு போட்டுக்கொண்டேன்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நம் ஊரில் ஒருவரைக் கை சுத்தம் இல்லாதவர் என்றால் என்ன அர்த்தம்? சோப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? முப்பது வருஷம் தமிழைப் பேசியே பேர் வாங்கிய எனக்கு அது அன்றைக்கு உறைக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து லேப் இன்சார்ஜ் ஓய்வு பெற்றார். அடுத்தது சகாயமேரிதான் என்று கம்பெனி முழுக்கத் தெரியும். அந்தப் பதவிக்குப் பெருங்காயம், எண்ணெய் எல்லாம் இருக்கிற ஸ்டோர் சாவியும் சேர்ந்து வரும். முதலாளி பதிவேட்டைப் புரட்டினார், அந்த வரியைப் படித்தார், மூடி வைத்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெண்பிள்ளை, பல வருஷமாக வேலை பார்க்கிறவர், அசிங்கப்படுத்த வேண்டாம் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டாராம். வெளியிலிருந்து ஆள் போட்டார். கேட் வாட்ச்மேன் வீரணனிடம் மட்டும், "அந்தம்மா பைய தெனம் பாத்து அனுப்பு" என்று சொல்லி வைத்தார்.

சகாயமேரி முதலில் எல்லாப் பெண்களுக்கும் அந்தச் சோதனை என்று நினைத்திருக்கிறார். தன் பையை மட்டும்தான், தன் டிபன் பாக்ஸை மட்டும்தான் திறக்கச் சொல்கிறார்கள் என்பது தெரிய ஒரு மாதம் ஆகியிருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நான் இந்தக் கம்பெனில என்னத்த எடுத்தேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீரணனைக் கூப்பிட்டு விசாரித்தேன். பதிவேட்டை எடுத்துத் திருப்பினேன். என் கையெழுத்து, என் மூன்று சொல். அதன் இன்னோர் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா என்றால், இல்லை. "மேனேஜர் எழுதச் சொன்னத எழுதுனேம்மா" என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை விழுங்கிவிட்டேன். முதலாளியிடம் போய் என் தமிழ் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்!

ஸ்ரீகுமாரிடம் மட்டும் போனேன். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, நான் அத மீன் பண்ணலையே சார். 'கை கழுவாம மாதிரி எடுத்தார்'னு மாத்தி எழுதிருங்க, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பிரச்சினை தீர்ந்தது என்று சகாயமேரியிடம் ஓடினேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் கழுவுனேன்ணே."

"இருக்கட்டும்மா. திருட்டுப் பட்டம் போகுதுல்ல? இத ஏத்துக்கிட்டா அந்த வீரணன் நாளைக்கே பைய தொடமாட்டான்."

"திருடலன்னு எழுத, கழுவலன்னு நான் பொய் சொல்லணுமா? ரெண்டுமே நான் செய்யல. அந்தப் பீப்பாயில உயிர் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அந்த வரி அப்படியே கிடந்தது. சகாயமேரி தினம் சாயங்காலம் கேட்டில் நின்று பையைத் திறந்து காட்டிவிட்டு பஸ் ஏறினார். இரண்டு வருஷத்துக்கு மேல். சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு அதே கேட் வழியாக நானும்தான் போனேன்.

2025 தொடக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் விழா. அங்கே இயற்பியல் ஆசிரியர் ஜூடு எனக்குப் பழக்கம். விழாவில் பட்டிமன்றம் வைக்க வேண்டும், தானே நடுவர், தலைப்பு கொஞ்சம் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்றார். தலைப்பைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. 'வேற்றுலக உயிரைத் தேட வேண்டியது பூமியைப் போன்ற இடங்களிலா, பூமியைப் போல் இல்லாத இடங்களிலா?'

"மாமியார் மருமகளுக்கு இது எம்புட்டோ தேவல ஜூடு" என்றேன்.

"இல்லண்ணே, நெசமாவே இதுல ரெண்டு கட்சி இருக்கு" என்று அவர் உட்கார்ந்து விளக்கினார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் கிரகங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தண்ணீர் தண்ணீராகவே நிற்கிற அளவுக்குச் சூடு உள்ள இடத்தை முதலில் பார் என்கிறது ஒரு கட்சி. அப்படிப் பார்த்தால் நம்மைப் போன்றதைத்தான் கண்டுபிடிப்போம், பனிக்கட்டிக்கு அடியில் கடல் உள்ள நிலவு, மீத்தேன் ஏரி உள்ள நிலவு எல்லாம் விட்டுப் போகுமே என்கிறது இன்னொரு கட்சி. 1976இல் செவ்வாயில் இறங்கிய கலங்கள் அந்த மண்ணில் சத்துத் தண்ணீர் விட்டு உயிரைத் தேடின. உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. காய்ந்தே கிடந்து பழகிய ஏதாவது இருந்திருந்தால் அந்தத் தண்ணீரே அதைக் கொன்றிருக்குமோ என்று கேட்கிற விஞ்ஞானிகளும் உண்டாம்.

பூமியைப் போன்ற இடம் என்கிற அணிக்கு நான் தலைவர். எதிரணியில் ஒரு பேச்சாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது, யாராவது கிடைப்பார்களா என்று ஜூடு கேட்டார். நான் சகாயமேரி பெயரைச் சொன்னேன். மனசாட்சி பாதி, மேடை ஏறாத ஆள் எதிரே இருந்தால் சுலபமாக ஜெயித்துவிடலாம் என்பது மீதி. இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன்.

"எனக்கு மேடைல பேச வராதுண்ணே" என்றார் சகாயமேரி. பிறகு, "மொதலாளி வருவாரா?" என்று கேட்டார்.

"சீஃப் கெஸ்ட்டே அவருதான்."

"மேனேஜரு?"

"மொதலாளி வந்தா அவரும் வருவாரு."

"அப்ப வாரேன். அந்த வெளி லேப் ரிப்போர்ட் முழுசா ஒரு காப்பி மட்டும் எடுத்துத் தாங்கண்ணே."

பதினாலாம் நம்பர் பீப்பாயை எப்போதோ கொட்டிக் கழுவிவிட்டார்கள். ஆனால் அதன் அடியில் படிந்த உப்பை ஒரு புட்டியில் அடைத்து, 2022லேயே ஸ்ரீகுமாரிடம் லேபிளில் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தார் சகாயமேரி. மூன்று வருஷம் காய்ந்து கிடந்த உப்பு. அதில் கொஞ்சம் எடுத்து, உப்புத் தண்ணீரில் சத்துப் பொடி கலந்து போட்டு, திருமங்கலம் வீட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தார். நான்கு வாரம் கழித்து அது கலங்கலாக, ரோஸ் நிறத்தில் எழுந்து வந்திருக்கிறது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. பள்ளி ஹாலில் பெற்றோர், ஆசிரியர் என்று நல்ல கூட்டம். முதல் வரிசையில் முதலாளி, பக்கத்தில் ஸ்ரீகுமார். ஓசியில் சாப்பாடு என்று கேள்விப்பட்டு வீரணன்கூட கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

நான் வெளுத்து வாங்கினேன். "பொண்ணு பாக்கப் போறவன் மொதல்ல தெரிஞ்ச வீட்டுக்குத்தான்யா போவான். தெரியாத ஊருல, பாஷை புரியாத தெருவுல போயி ஒவ்வொரு கதவா தட்டிக்கிட்டிருந்தா அவனுக்கு அறுபதுக்குத்தான் கல்யாணம் நடக்கும்!" கைதட்டல். "நமக்குத் தெரிஞ்ச உயிரு ஒரே வகை. அதுக்குத் தண்ணி வேணும். தண்ணி இருக்குற எடத்துல தேடு. இதுல என்ன தப்பு?" விசில் வேறு.

சகாயமேரி எழுந்து வந்தார். இஸ்திரி போட்ட நீலச் சேலை. கையில் ஒரு சின்னத் தட்டு; அதில் இரண்டு கண்ணாடிக் குழாய், இரண்டு பாட்டில். மைக்கை எட்டிப் பிடிக்கத் தெரியாமல் தள்ளி நின்றார். "பக்கத்துல வாங்கம்மா" என்று யாரோ கத்தினார்கள். முதலில் சொன்னது எதுவும் மைக்கில் விழவில்லை. கூட்டத்தில் சலசலப்பு. எனக்கே பாவமாக இருந்தது.

"எனக்குப் பேசத் தெரியாது. வேலை செய்யத் தெரியும். அதச் செஞ்சு காட்டுறேன்" என்றார். ஹால் அடங்கியது.

"இந்த ரெண்டு குழாயிலயும் இருக்குறது எங்க கம்பெனி பீப்பாய் உப்புல இருந்து வந்தது. பனிமயமாதா திருவிழாவுக்கு தூத்துக்குடி போறப்ப பஸ்ஸுல இருந்து பாத்துருப்பீங்க, உப்பளத்துப் பாத்தி சிலது செவந்து கெடக்கும். அது மாதிரிதான் இது. நாக்குல வச்சா நாக்கு வெந்து போற மாதிரி உப்பு. இதுல உயிர் இருக்குன்னு நான் சொன்னேன். இல்லன்னாங்க. லேப்புக்கு அனுப்புனாங்க, அவங்களும் இல்லன்னாங்க. அவங்க ரிப்போர்ட்டுல மூணாம் பக்கம் எப்படி சோதிச்சோம்னு எழுதியிருக்கு. உப்பு ரொம்ப இருந்ததுனால மொதல்ல சுத்தமான தண்ணிய ஊத்தி நீர்க்கவச்சுட்டு, அப்பறந்தான் பாத்திருக்காங்க."

ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இது நல்ல தண்ணி. நீங்களும் நானும் குடிக்கிறது."

முதல் குழாயில் ஊற்றினார். எங்கள் கண் முன்னாலேயே அந்தக் கலங்கல் கரைந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குழாய்க்குப் பின்னால் பிடித்த அவர் விரல் தெளிவாகத் தெரிந்தது.

"வெடிச்சுச் செத்துப் போச்சு. நமக்கு நல்ல தண்ணி, அதுக்கு விஷம். கொன்னுட்டுத் தேடுனா எப்படிங்க கெடைக்கும்?"

முன் வரிசையில் ஸ்ரீகுமார் எழுந்துவிட்டார். "மேரி, தண்ணி ஊத்துனா எதுவும் வெளுக்கத்தான் செய்யும். இது ப்ரூஃப் ஆகாது."

"அதுக்குத்தான் சார் ரெண்டாவது குழாய். இதுல அதே அளவு உப்புத் தண்ணிய ஊத்தணும். நீர்க்கிறதுதான் காரணம்னா இதுவும் தெளியணும்." குழாயை அவர் பக்கம் நீட்டினார். "என் கை வேணாம் சார். உங்க கையால ஊத்துங்க."

ஸ்ரீகுமார் மேடை ஏறினார். பாட்டிலை வாங்கி முகர்ந்தார், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அளந்து ஊற்றினார். நிறம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கலங்கல் கலங்கலாகவே இருந்தது, பின்னால் பிடித்த அவர் விரல் தெரியவே இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மேடைப் பழக்கம்; தோற்கிற இடத்தில் நாக்குத் தானாக நீளும். குறுக்கே மைக்கைப் பிடித்து, "அம்மா, உங்க பீப்பாயும் பூமியிலதான இருக்கு? கப்பலூர்லதான?" என்றேன். கூட்டம் சிரித்தது.

"பூமியிலதாண்ணே இருக்கு" என்றார். "நம்ம காலடியில, நம்ம ஷெட்டுல இருந்ததையே இல்லன்னு எழுதிட்டோம். பூமி மாதிரின்னு நாம சொல்றது நமக்குச் சௌரியமான பூமியத்தேன். தெரிஞ்ச வீட்டுக்கு மொதல்ல போறது தப்பில்லண்ணே. தெரியாத வீட்டு வாசல்ல நின்னு, உள்ள ஆளே இல்லன்னு எழுதிட்டு வர்றது தப்பு."

எழுதிட்டு வர்றது. அவர் என்னைக் குத்திச் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை கேட்கவில்லை. எனக்குக் குத்தியது.

பட்டிமன்ற முறைப்படி அணித் தலைவரின் தொகுப்புரை கடைசியில் வரும். என் முறை. சட்டைப்பையில் நாலு ஜோக் தயாராக இருந்தது. எழுந்து போனேன். முதல் வரிசையில் முதலாளியைப் பார்த்தேன்.

"ஐயா, நான் இன்னைக்கு எங்க அணிக்குப் பேச வரல" என்றேன். "மூணு வருசத்துக்கு முன்னாடி மேனேஜர் ஒரு சீட்டு எழுதுனாரு. மாதிரி எடுத்தப்ப கை கழுவலன்னு அதுக்கு அர்த்தம். அத 'கை சுத்தம் இல்லை'ன்னு தமிழாக்குனது நான். அந்தச் சொல்லு என்னோடது. அதப் படிச்சுட்டு நீங்க இந்தம்மாவ திருடின்னு நெனச்சுட்டீங்க. எனக்குத் தெரிஞ்சும் ரெண்டு வருசமா நான் வாயத் தொறக்கல. இவங்க ஒன்னும் எடுக்கல. கையும் கழுவித்தான் இருக்காங்க. பீப்பாயில உயிர் இருந்தத இப்ப நீங்களே பாத்தீங்க."

உட்கார்ந்துவிட்டேன். பட்டிமன்றத்தில் யாரும் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். சகாயமேரி என்னைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். கோபப்படட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஜூடு தீர்ப்புச் சொன்னார். தெரிந்த இடத்தில் தேடத் தொடங்கு, ஆனால் தேடுகிற முறை உனக்கு மட்டும் பொருந்தினால் 'இல்லை' என்று சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே பூமியைப் போல் இல்லாத இடங்களிலும் தேடத்தான் வேண்டும், சகாயமேரி அணிக்கே வெற்றி என்றார். உப்பில் வாழ்கிற இந்த ஜாதி நுண்ணுயிர் புத்தகங்களில் ரொம்ப நாளாகவே இருக்கிறதாம். எங்களில் ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. சகாயமேரி பீப்பாயைப் பார்த்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்குக் கிடைத்த எல்லாக் கைதட்டலையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. என் கம்பெனிக்காரர், எங்கள் கப்பலூர்க்காரர் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டில் சகாயமேரி பழக்கத்தில் பையைத் திறந்து நீட்டியிருக்கிறார். வீரணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டானாம். "மூடுங்கக்கா, எனக்குக் கூசுது" என்றானாம்.

அதற்கு முன்னால், காலையில், முதலாளி அறையில் சகாயமேரி, ஸ்ரீகுமார், நான் மூன்று பேரும் நின்றோம். முதலாளி பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எறி கல்யாணம். மேரியம்மா, இன்னையிலேர்ந்து நீங்கதான் லேப் இன்சார்ஜ், வெளியில இருந்து வந்தவருக்கு நான் வேற வேல குடுத்துக்கிறேன். நான் கேக்காம தீர்மானிச்சது தப்பு."

"கிழிக்க வேணாம்யா" என்றார் சகாயமேரி. "கிழிச்சா, பின்னாடி பாக்குறவங்களுக்கு நான் என்னமோ பண்ணி மறைச்ச மாதிரி இருக்கும். அது அப்படியே கெடக்கட்டும். அதுக்குக் கீழ எழுதச் சொல்லுங்க."

பேனாவைத் திறந்தேன். நேர்மையின் இலக்கணம், வாய்மையின் உறைவிடம் என்று மனசுக்குள் வரிசையாக வந்து நின்றன. "என்னம்மா எழுத?" என்றேன்.

அவர் சொன்னார், நான் எழுதினேன்: 'பதினாலாம் நம்பர் பீப்பாய் உப்புத் தண்ணீரில் உயிர் இருந்தது. பார்த்தவர் சகாயமேரி.'

"முதன்முதலாகன்னு சேக்கட்டுமா?"

"வேணாம்ணே. உப்பளத்துல வேலை பாக்குறவுக எனக்கு முந்தியே பாத்துருப்பாக. நம்ம பீப்பாயில பாத்தது நானு. அம்புட்டுதேன்."

ஸ்ரீகுமார் கையெழுத்துப் போட்டார், முதலாளியும் போட்டார். சகாயமேரி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, கறுத்த விரலை வரியின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நான் பேனாவை மூடாமல் பக்கத்தில் நின்றேன்.

"சரியா எழுதியிருக்கீங்கண்ணே" என்றார்.